லிப்பிட் புரொஃபைலில் வராத கொழுப்பு

என் அக்கா மகளுக்கு உடம்பில் ஒரு வகைக் கொழுப்பு சேருகிற நோய் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் அவள் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள். வடை, பஜ்ஜி, புரோட்டா எல்லாவற்றின் மேலும் பழி விழும். எங்கம்மாவே ரொம்ப நாள் "முட்டைய நிறுத்திருவமாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு சின்ன டவுனில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். தினமும் லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிறவன். பாப்பாவின் ரத்தத்தையும் என் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் குறைவு. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல்லும் குறைவு. நல்ல கொழுப்பு என்று சொல்கிறோமே, அந்த ஹெச்டிஎல்லும் அடிமட்டத்தில். ஹெச்டிஎல் வரியை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டினால், என்னிடம் வருகிற நாற்பது வயதுக்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

அவளுக்கு இருப்பது கோஷே நோய். இதில் சேருகிற கொழுப்பு தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் சர்க்கரை ஒட்டிய கொழுப்பு மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கும். சிவப்பணு நாலு மாதம் போல ஓடிவிட்டுக் கிழடானதும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உட்கார்ந்திருக்கிற மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கி செல்கள் அதைப் பிடித்துத் தின்று செரித்துவிடும். அந்தச் செரிமானத்தின் கடைசிக் கட்டங்களில் ஒன்றுக்கு குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி வேண்டும். ஒன்றாம் குரோமோசோமில் இருக்கும் ஜிபிஏ1 என்ற மரபணுதான் அதைச் செய்யச் சொல்லிக் குறிப்பு கொடுப்பது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியுமே பழுது என்றால் நொதி போதாது. குளுக்கோசில்செராமைடு என்ற அந்தக் கொழுப்பு கரையாமல் விழுங்கி செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் அந்த செல்லைப் பார்த்தால் கசக்கிப் போட்ட டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். மஜ்ஜை ஸ்லைடில் நேரில் பார்த்தபோது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

1882-இல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவர், மண்ணீரல் பெரிதாக வீங்கியிருந்த ஒரு பெண்ணைப் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதினார். மண்ணீரலில் வந்த ஒரு வகைக் கட்டி என்றுதான் நினைத்தார். உள்ளே சேர்ந்திருப்பது என்ன கொழுப்பு என்று தெரிய 1934 ஆயிற்று. குறைவது எந்த நொதி என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஸ்கோ பிரேடி குழுவினர் கண்டுபிடித்தது 1960-களின் நடுவில். அதே நொதியை மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்து மருந்தாக்கி, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1991-இல். பிரசவ ஆஸ்பத்திரிகளிலிருந்து நஞ்சுக்கொடிகளை மலைமலையாகச் சேகரித்துச் செய்த மருந்து அது. 1994-இலிருந்து செல்களில் வளர்த்து எடுக்கிற நொதி வந்தது. பாப்பாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பு வழியாக ஏறுவது அந்த வகைதான்.

நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னால் நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வயிறு உப்பியிருந்தது, பூச்சி மருந்து கொடுத்தார்கள். வெளுத்திருந்தாள், இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் நகரவே இல்லை. ஒரு நாள் சும்மா, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் போட்டுப் பார்த்தேன். இரும்புக் குறைவு என்றால் தரையில் கிடக்க வேண்டிய எண், ஏகத்துக்கு மேலே நின்றது. இந்த நோயில் ஃபெரிட்டின் ஏறுவது வழக்கம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரும்புக் குறைவு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பிளேட்லெட்டும் இறங்கியிருந்ததால் ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மஜ்ஜை எடுத்துப் பார்த்து, அப்புறம் நொதிப் பரிசோதனை, அப்புறம் மரபணு. அக்கா கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. மச்சான் குடும்பத்திலும் எங்கள் குடும்பத்திலும் ஒரே தாத்தா பாட்டி வழியாக வந்த ஒரே எழுத்துப் பிழை, பாப்பாவிடம் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்துவிட்டது. இந்திய கோஷே நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்படும் எல்444பி என்ற மாற்றம்தான் அவளுக்கும்.

மருந்து ஆரம்பித்ததும் அடுத்த கேள்வி வந்தது. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மண்ணீரல் சுருங்குவதை ஸ்கேனில் பார்க்கலாம், ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் ஏறுவதைப் பார்க்கலாம். ஆனால் அவை எல்லாம் மெதுவாக நகருகிறவை. தவிர ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் பிளேட்லெட் ஆடும். உள்ளே தங்கியிருக்கும் கொழுப்பின் அளவையே ரத்தத்தில் நேராகப் பார்க்க முடிந்தால் நல்லது. குளுக்கோசில்செராமைடையே அளக்கலாம்தான். ஆனால் அது எல்லோர் ரத்தத்திலும் நிறையவே இருக்கிறது. நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இந்த இடத்தில்தான் உடம்பு ஒரு குறுக்கு வழி எடுக்கிறது, நமக்கு அது வசதியாகப் போயிற்று. செரிக்காமல், செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குள் தேங்கிய கொழுப்பின் மேல் வேறொரு நொதி கை வைத்து, அதன் நீண்ட கொழுப்பமில வாலை வெட்டிவிடும். மிச்சம் இருப்பது குளுக்கோசில்ஸ்பிங்கோசின். ரிப்போர்ட்டில் லைசோ-ஜிபி1 என்று வரும். வால் போனதால் தண்ணீரில் கொஞ்சம் கரையும், செல்லை விட்டுக் கசிந்து ரத்தத்துக்கு வந்துவிடும். சாதாரண ஆளின் ரத்தத்தில் இது இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் கொஞ்சம். 2011-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் கோஷே நோயாளிகளின் பிளாஸ்மாவில் அது சராசரியாக 200 மடங்குக்கு மேல் இருப்பதாகக் காட்டினார்கள். லேப் வைத்திருக்கிறவனுக்கு இப்படி ஒரு டெஸ்ட் கிடைத்தால் கொண்டாட்டம். நாங்கள் தினமும் பார்க்கிற டெஸ்ட்களில் நார்மலுக்கும் வியாதிக்கும் நடுவில் பத்து இருபது சதவீதத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம்.

இதற்கு முன்னால் பெரிதாக நம்பியிருந்தது கைட்டோட்ரையோசிடேஸ். 1994-இல் அதே ஆம்ஸ்டர்டாம் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு ஏறிய விழுங்கி செல் கக்குகிற ஒரு நொதி அது, நோயாளிகளிடம் நூற்றுக்கணக்கான மடங்கு ஏறும். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. ஐரோப்பியரில் நூற்றுக்கு ஆறு பேர் போல அந்த நொதியை மரபு வழியாகவே சுத்தமாக இல்லாமல் பிறக்கிறார்கள். அவர்களுக்கு கோஷே நோய் முற்றியிருந்தாலும் ரிப்போர்ட்டில் பூஜ்யம்தான் வரும். பழுதான அந்தப் பிரதி நம் பக்கமும் உண்டு. யானைக்கால் புழுவின் உறையில் இருக்கும் கைட்டினை உடைக்கிற நொதி இது என்பதால், தென்னிந்தியாவில் யானைக்கால் தொற்றோடு சேர்த்து இந்த மரபணுவை ஆராய்ந்து, தொடர்பு இருக்கிறது என்று 2001-இல் ஒரு கட்டுரையும் வந்தது. பாப்பாவின் ரிப்போர்ட்டிலும் கைட்டோட்ரையோசிடேஸ் பூஜ்யம். டாக்டரம்மா அதைப் பார்த்துத் துளியும் அலட்டிக்கொள்ளவில்லை. "இவளுக்கு இது உதவாது, லைசோ பாத்துக்கலாம்" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

லைசோ-ஜிபி1 என் லேபில் ஓடுகிற டெஸ்ட் இல்லை. டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். அந்த மெஷின் இருந்தால் மட்டும் போதாது, கையும் பழகியிருக்க வேண்டும். குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் ஒட்டியிருக்கும் சைக்கோசின் என்று இன்னொரு மூலக்கூறு உண்டு. க்ராபே என்ற வேறொரு நோயில் ஏறுவது அது. இரண்டுக்கும் எடை ஒன்றேதான். எடையை வைத்து அடையாளம் காண்கிற மெஷினுக்கு இரண்டும் ஒரே ஆள். அதனால் முன்னாலேயே ‘காலம்’ (column) என்கிற பிரிக்கும் குழாயில் ஓடவிட்டு இரண்டையும் பிரித்து அனுப்ப வேண்டும்.

சாம்பிள் எடுப்பது மட்டும் என் வேலை. பர்ப்பிள் கேப் டியூபில் எடுத்துச் சுழற்றி பிளாஸ்மா அனுப்பலாம், இல்லையென்றால் வட்டம் போட்ட ஃபில்டர் பேப்பரில் ரத்தச் சொட்டு வைத்துக் காயவைத்து கூரியர் பண்ணலாம். மருந்து ஏற்றுகிற நாளில் ஊசி எப்படியும் குத்தப் போகிறார்கள், மருந்து ஏறுவதற்கு முன்னால் எடுத்துவிடுவோம். சொட்டு வைப்பதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஒரே சொட்டு வட்டத்தை நிரப்பிப் பின்பக்கம் ஊற வேண்டும். பத்தவில்லை என்று மேலே இன்னொரு சொட்டு வைத்தால் அந்த வட்டம் வீண். வெயிலில் காட்டக் கூடாது, ஃபேனுக்கு அடியில் படபடக்க விடக் கூடாது, மூன்று நாலு மணி நேரம் படுக்கை வாட்டில் தானாகக் காய வேண்டும். ஐப்பசி மழையில் நாலு மணி நேரம் போதாது. ஈரம் போகாமல் கவரில் போட்டு ஒட்டிவிட்டுப் பிறகு லேபைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பாப்பா அந்த அட்டையைத் தன் பரீட்சை அட்டை மாதிரி பார்ப்பாள். "மாமா, வட்டத்துக்கு வெளிய போகுது" என்று எனக்கே திருத்தம் சொல்வாள்.

ஆரம்பத்தில் அவளுக்கு எண் நானூறைத் தாண்டி நின்றது. முதல் வருஷத்தில் மளமளவென்று இறங்கி 168-க்கு வந்தது. அதற்கப்புறம் நிதானமாகத்தான் இறங்கியது, பெரும்பாலும் இப்படித்தான் ஆகும் என்றார்கள். நடுவில் 2020 லாக்டவுன். பஸ் இல்லை, ஆஸ்பத்திரியில் அந்த வார்டைக் கொரோனாவுக்கு மாற்றிவிட்டார்கள், மருந்தும் சமயத்துக்கு வந்து சேரவில்லை. சில தவணைகள் விட்டுப்போயின. பாப்பா ஓடியாடிக்கொண்டிருந்தாள், ஹீமோகுளோபின் அப்படியே இருந்தது, வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டருக்கும் பெரிதாக ஒன்றும் தட்டுப்படவில்லை. லைசோ மட்டும் 240-க்கு ஏறியிருந்தது. பிளேட்லெட் இறங்கியது அதற்கு அடுத்த ரிப்போர்ட்டில். இந்த டெஸ்ட்டின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான். மருந்து பழையபடி ஏறத் தொடங்கியதும் எண் திரும்ப இறங்கி, போகப் போக 96-க்கு வந்தது.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி அக்கா போன். குரலே சரியில்லை.

"தம்பி, ரிப்போர்ட் வந்துருக்குடா. டபுள் ஆயிருச்சு. தொண்ணூத்தாறு இருந்தது நூத்தித் தொண்ணூறு போட்டுருக்கான். மருந்து கேக்கலையாடா?"

வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். மச்சான் அதற்குள் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, மருந்துக்கு எதிராக உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அந்தத் தடவை ஆஸ்பத்திரி வேறொரு லேபுக்கு அனுப்பியிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் நானோமோல்/லிட்டர் என்றிருந்தது. பழைய ரிப்போர்ட் எல்லாம் நானோகிராம்/மில்லி. லைசோ-ஜிபி1-இன் மூலக்கூறு எடை கிட்டத்தட்ட 462. ஆகவே ஒரு நானோகிராம்/மில்லி என்பது 2.17 நானோமோல்/லிட்டர். 190-ஐ 2.17-ஆல் வகுத்தால் 88-க்குக் கொஞ்சம் கீழே. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. இறங்கியிருக்கிறது என்றுகூட அடித்துச் சொல்ல மாட்டேன். லேபுக்கு லேப் அந்த அளவு வித்தியாசம் வரலாம். அக்காவிடம் "அப்படியேதான் இருக்கு, போய்ப் படு" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே ஃபைலில் ஒன்றன் கீழ் ஒன்றாக உட்காரப் போகின்றன என்று தெரிந்திருந்தும், அலகு மாறியிருக்கிறது என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. பெற்றவர்கள் அலகைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் படிப்பார்கள். என்னிடம் வருகிற சர்க்கரைக்காரர்களே அப்படித்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டு, ஒரே லேபுக்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பிளாஸ்மா என்றால் எப்போதும் பிளாஸ்மா, அட்டை என்றால் எப்போதும் அட்டை. சிவப்பணுவுக்குள்ளும் இந்தக் கொழுப்பு இருக்கிறது. முழு ரத்தம் காய்ந்த அட்டையில் வரும் எண்ணையும் பிளாஸ்மா எண்ணையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு குழந்தையின் எண்ணோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் "உங்க புள்ளைக்கு எவ்வளவு?" என்று மார்க் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்கு 60 என்றால் அவன் பாப்பாவைவிட நலம் என்று ஆகிவிடாது.

இந்த எண் வாயே திறக்காத இடங்களும் இருக்கின்றன. முதலாவது எலும்பு. மஜ்ஜையில் கொழுப்பு ஏறிய செல்கள் அடைத்து, ரத்த ஓட்டம் தடைபட்டு, இடுப்பில் பொருந்துகிற தொடை எலும்பின் தலை செத்துப்போவது இந்த நோயில் உண்டு. அப்படிச் செத்த எலும்பை மருந்தால் உயிர்ப்பிக்க முடியாது. லைசோ அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே பழைய சேதத்தால் வலி வரலாம். அதற்கு எம்ஆர்ஐதான் பார்க்க வேண்டும். இரண்டாவது மூளை. ஏற்றுகிற நொதி பெரிய மூலக்கூறு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. பாப்பாவுக்கு இருக்கிற எல்444பி மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால், நரம்பைத் தொடுகிற மூன்றாம் வகையாக மாறலாம் என்ற எச்சரிக்கை உண்டு. ஆகவே ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா ஒரு கையில் பேனாவையும் இன்னொரு கையில் ஸ்டிக்கரையும் அகலமாகப் பிடித்துக்கொண்டு, "பேனா... ஸ்டிக்கர்... பேனா..." என்று மாற்றி மாற்றிச் சொல்வார். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சட்டென்று அந்தப் பக்கம் கொண்டுபோக முடிகிறதா என்று பார்க்கிறார். மூன்றாம் வகையில் முதலில் தடுமாறுவது அந்த இடவலப் பார்வைதான். இதுவரை பாப்பாவின் கண் பிசகவில்லை, ஸ்டிக்கரும் அவளுக்கே கிடைத்துவிடுகிறது. அந்தச் சில நிமிஷச் சோதனை சொல்வதை எந்த ரத்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

நோயைச் சுமந்துகொண்டு தாங்கள் நன்றாக இருப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் லைசோ உதவாது. மச்சானின் தங்கச்சிக்குச் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்த்தபோது, "அந்த லைசோவ அவங்களுக்கும் எடுத்துப் பாத்துரலாமா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு எண் நார்மலை ஒட்டியேதான் இருக்கும். மரபணுச் சோதனைதான் வழி என்று சொல்லி அனுப்பினேன். எடுத்தார்களா என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிற இடத்தில் லேப்காரன் சொல் அவ்வளவு தூரம்தான் ஏறும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 60 யூனிட் என்று எடுத்துக்கொண்டால், 20 கிலோக் குழந்தைக்கு 1,200 யூனிட். ஒரு வயலில், அதாவது மருந்துக் குப்பியில், 400 யூனிட், ஆக மூன்று வயல். குழந்தை சாப்பிட்டுத் தேறி எடை கூடினால் நாலு வயல், அப்புறம் ஐந்து. அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆயுசு முழுக்க. ஒரு தடவைக்கே லட்சங்கள் ஆகும். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. 2022-இல் உதவித்தொகையை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று உயர்த்தினார்கள். பெரிய தொகைதான். ஆனால் கணக்குப் போட்டால் சில வருஷம்கூடத் தாங்காது, அதற்கு மேல் கோர்ட்டு, நன்கொடை, மருந்து நிறுவனத்தின் இலவசத் திட்டம் என்று அலைய வேண்டியதுதான். பிள்ளைக்கு எடை கூடியிருக்கிறது என்று தராசைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே மனசுக்குள் அறுபதால் பெருக்கி நானூறால் வகுக்கிற அம்மாக்களை நான் அந்த வார்டில்தான் பார்த்தேன்.

என் கணக்கில் லைசோ-ஜிபி1-க்குப் பெரிய வேலை இங்கேதான். அளவைக் குறைத்தால் தாங்குமா, எடை கூடியும் பழைய அளவிலேயே ஓட்டலாமா என்று முடிவெடுக்க, மண்ணீரல் திரும்ப வீங்கும்வரை காத்திருக்க முடியாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கோடு முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்படி ஒரு முடிவு கையில் இல்லாதபோது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது வீண் செலவு என்று ஒரு லேப்காரனாகவே சொல்கிறேன். மச்சானுக்கு மாதாமாதம் எடுத்தால்தான் நிம்மதி. டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறோம்.

இப்போது பாப்பா 30 கிலோ. கிலோவுக்கு 60 வீதம் 1,800 யூனிட் வேண்டும், நாலரை வயல். ஐந்தாவது வயலைத் திறந்து பாதியைக் கொட்டுவதா, நாலிலேயே நிறுத்துவதா என்று போன தடவை பேச்சு வந்தது. நாலு வயல் என்றால் கிலோவுக்கு 53 யூனிட். கோடு இறங்குமுகமாக இருக்கிறது, ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது, எம்ஆர்ஐயில் புதிதாக ஒன்றுமில்லை. நாலிலேயே இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து அதே லேபுக்கு அனுப்பிப் பார்ப்போம், ஏறினால் ஐந்து என்று முடிவாயிற்று. சாம்பிள் தையில் எடுக்க வேண்டும். அக்கா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள், கீழே லேப் பெயரும் அதற்குக் கீழே "நானோகிராம்" என்றும்.